25 மி.மீ. வடிகாலில் கொடகொட சத்தம்: ஓவர்ஃப்ளோவை எப்படி மாற்றி அமைப்பது?

கெளுத்தி:
தொட்டி 120×50×50 செ.மீ., கடல்நீர், மென்பவளங்கள். பின்சுவரின் நடுவில் முழு உயர ஓவர்ஃப்ளோ பாக்ஸ் (மேல்மட்ட நீர் வழிந்து விழும் அறை), உள்ளளவு 30×12 செ.மீ. பாக்ஸின் அடியில் இரண்டு துளை. ஒன்றில் 25 மி.மீ. வடிகால் (ட்யூர்சோ தொப்பி போட்டது), இன்னொன்றில் 20 மி.மீ. ரிட்டர்ன், அதாவது கீழே உள்ள சம்ப்பிலிருந்து (வடிகட்டும் தொட்டி) பம்ப் தண்ணீரைத் திருப்பி ஏற்றும் குழாய். பம்ப் அட்டையில் மணிக்கு 4000 லிட்டர் என்று இருக்கிறது.

பாக்ஸில் தண்ணீர் ஏறுகிறது, அப்புறம் ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொண்டு போகிறது, மறுபடி ஏறுகிறது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை இதே கதை. சம்ப் முழுக்க நுரை. தொப்பியின் காற்றுத் துளையைப் பெரிதாக்கினால் உறிஞ்சல் நிற்கிறது, ஆனால் கொடகொட சத்தம் கூடிவிடுகிறது. தொட்டியைக் காலி செய்யாமல் சரிசெய்ய முடியுமா?

நீர்மட்டம்:
முடியும். முதலில் காரணம். ட்யூர்சோ என்பது காற்றும் தண்ணீரும் சேர்ந்து இறங்கும் குழாய். காற்றுத் துளை சிறிதாக இருந்தால் குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்து சைஃபன் (காற்றில்லாமல் இழுக்கும் ஓட்டம்) ஆகிவிடும். சைஃபன் ஆனதும் பம்ப் தருவதைவிட அதிகம் இழுக்கும். பாக்ஸ் வற்றும், காற்று நுழையும், சைஃபன் அறுந்துபோகும், தண்ணீர் மறுபடி ஏறும். துளை பெரிதானால் சைஃபன் பிடிக்காது, ஆனால் அவ்வளவு காற்றும் தண்ணீரோடு உருண்டு இறங்கும். இரண்டுக்கும் நடுவில் அமைதியான ஓர் இடம் உண்டு. ஆனால் 25 மி.மீ. குழாயில் அது மணிக்கு 1000, 1200 லிட்டர் வரைதான். அதற்கு மேல் எவ்வளவு திருகினாலும் சத்தம் இருக்கும்.

அட்டையில் உள்ள 4000 என்பது தண்ணீரை மேலே தூக்கும் உயரமே இல்லாமல் அளந்த கணக்கு. உங்கள் தொட்டிக்கு வந்து விழுவது எவ்வளவு என்று அளங்கள். ரிட்டர்ன் வாயில் 10 லிட்டர் வாளியைப் பிடித்து, நிறைய எத்தனை வினாடி என்று பாருங்கள். 36,000ஐ அந்த வினாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வரும். மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். சம்ப்பில் பம்ப் இருக்கும் அறையில் மட்டம் இறங்காமல் பக்கத்தில் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குறைவாகக் காட்டும்.

கெளுத்தி:
15 வினாடி. அதாவது 2400 லிட்டர்.

நீர்மட்டம்:
அப்படியானால் குழாய் தன் அமைதி எல்லையைப்போல் இரண்டு மடங்கு சுமக்கிறது. சம்ப் வழியாக இவ்வளவு ஓட்டம் தேவையும் இல்லை. 300 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 4, 5 சுற்று போதும்: 1200 முதல் 1500 லிட்டர். ஸ்கிம்மர் (நுரையால் அழுக்கைப் பிரிக்கும் கருவி) ஒரு மணியில் கையாளும் அளவைத் தாண்டி அனுப்பும் தண்ணீர் சும்மா சுற்றிவிட்டுத்தான் வரும். பவளத்துக்கு வேண்டிய வேகத்தை உள்ளே வைக்கும் வேவ்மேக்கர் (நீரோட்டம் எழுப்பும் சிறு பம்ப்) தரட்டும். அதற்கு ரிட்டர்ன் பம்பை நம்பினால் வடிகால், சத்தம், மின்சாரம் மூன்றிலும் அடி விழும்.

பம்பின் வெளியேறும் பக்கத்தில் ஒரு வால்வு போட்டு 1500க்குக் குறையுங்கள். உறிஞ்சும் பக்கத்தில் ஒருபோதும் மூடாதீர்கள். பம்ப் தண்ணீருக்குத் திணறி, உள்ளே குமிழி உண்டாகி, இம்பெல்லர் கெடும்.

பவளத்தீவு:
இரண்டு துளையும் பாக்ஸுக்குள்ளேயே இருப்பது பெரிய வசதி. ரிட்டர்ன் குழாயைத் தொட்டி விளிம்புக்கு மேலே ஏற்றிக் கொண்டுபோய்விட்டு, அந்த 20 மி.மீ. துளையையும் வடிகாலாக்கிவிடலாம். இதுதான் ஹெர்பி முறை: ஒன்று முழுச் சைஃபன், இன்னொன்று அவசரக் குழாய். தொட்டி மட்டம் பல் வரிசைக்கு (பாக்ஸின் மேல்விளிம்பில் தண்ணீர் நுழையும் வெட்டுகள்) கீழே இறங்கும்வரை தண்ணீர் எடுத்து, பாக்ஸை மட்டும் வற்றவைத்தால் போதும். மீன், கல், மணல் எதையும் தொட வேண்டாம்.

சைஃபனுக்கு எது, அவசரத்துக்கு எது என்பதில் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சிறிய 20 மி.மீ. குழாய் சைஃபன். பெரிய 25 மி.மீ. குழாய் அவசரம். சைஃபன் அடைத்துக்கொண்ட நேரத்தில் மொத்த நீரையும் தனியாகத் தூக்க வேண்டியது அவசரக் குழாய்தான், அதனால் அதுதான் பெரிதாக இருக்க வேண்டும்.

கெளுத்தி:
20 மி.மீ. குழாய் 1500 லிட்டரைத் தாங்குமா?

நீர்மட்டம்:
கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாக்ஸ் மட்டத்துக்கும் சம்ப் மட்டத்துக்கும் இடையே உயர வேறுபாடு 70 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். தடையே இல்லையென்றால் வேகம் 2×9.81×0.7இன் வர்க்கமூலம், அதாவது வினாடிக்கு 3.7 மீட்டர். வாய், இரண்டு எல்போ, முழுக்கத் திறந்த கேட் வால்வு, குழாய் உராய்வு, வெளியேறும் இழப்பு எல்லாவற்றையும் கூட்டினால் இழப்புக் கெழு 5க்குப் பக்கத்தில் வரும். 3.7ஐ அதன் வர்க்கமூலத்தால் வகுத்தால் சுமார் 1.7 மீட்டர். உள்விட்டம் 20 மி.மீ. என்றால் பரப்பு 3.14 ச.செ.மீ. ஆக மணிக்கு 1900 லிட்டர் அளவில். 1500க்கு வால்வைக் கொஞ்சம் மூடி வைக்க வேண்டி வரும், அது நல்லதுதான்.

இதே வழியில் 25 மி.மீ. குழாய் முழுக்க நிறைந்து ஓடினால் 3000 லிட்டர் வரை போகும். அவசரத்துக்கு இரண்டு மடங்கு இருப்பு.

ஒரு எச்சரிக்கை: உள்விட்டத்தை வெர்னியர் வைத்து அளங்கள். குழாயில் அச்சடித்திருப்பது பல இடங்களில் வெளிவிட்டம். மில்லிமீட்டர் வகைக் குழாயும் அங்குல வகை ஃபிட்டிங்கும் பார்க்கப் பொருந்துவதுபோல் இருக்கும், பசை பிடிக்காது.

பவளத்தீவு:
உயரங்களைத் துல்லியமாக வையுங்கள். பல் வரிசையின் அடிவிளிம்பை 0 என்று கொள்வோம்.

பாக்ஸின் சாதாரண நீர்மட்டம் 3 செ.மீ. கீழே. அவசரக் குழாயின் வாய் 2 செ.மீ. கீழே, அதாவது மட்டத்துக்கு 1 செ.மீ. மேலே, உலர்ந்தபடி. 25 மி.மீ. வாயின் சுற்றளவு 8 செ.மீ.கூட இல்லை. அதன் விளிம்பைத் தாண்டி 1500 லிட்டர் இறங்க, வாய்க்கு மேல் ஏறக்குறைய 2 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். அப்போது பாக்ஸ் மட்டம் சரியாக 0க்கு வரும், தொட்டி மட்டம் ஏறாது. அவசர வாயைப் பல் வரிசைக்குச் சமமாகவோ மேலேயோ வைத்தால் அந்த 2 செ.மீ. தொட்டியின் மேல்விளிம்பைத் தின்றுவிடும்.

சைஃபன் வாய், சாதாரண மட்டத்துக்கு 8 முதல் 10 செ.மீ. கீழே. இதற்கு மேலே வைத்தால் சுழி விழுந்து காற்றை உறிஞ்சும். பாக்ஸின் அடிவரை இறக்கவும் கூடாது. மின்சாரம் போனால் பாக்ஸ் தண்ணீர் சைஃபன் வாய் வரை வடியும். 10 செ.மீ. என்றால் 30×12×10 = 3.6 லிட்டர். 40 செ.மீ. என்றால் 14.4 லிட்டர், எல்லாம் சம்ப்பில் போய் விழும். சைஃபன் வாயில் ஸ்ட்ரெயினர் (சல்லடை) கட்டாயம். அவசர வாயில் ஸ்ட்ரெயினர் வேண்டாம். நத்தை ஏறும் என்றால் பெரிய இடைவெளி உள்ள கூண்டு மட்டும்.

சம்ப் பக்கம்: சைஃபன் குழாயின் முனை தண்ணீருக்குள் 2 செ.மீ. மட்டும் மூழ்க வேண்டும். 10 செ.மீ. மூழ்கினால், பம்ப் மறுபடி ஓடும்போது குழாயில் சிக்கிய காற்று வெளியேற முடியாமல் நிற்கும், சைஃபன் பிடிக்காது. அவசரக் குழாயின் முனை தண்ணீருக்கு மேலேயே இருக்கட்டும். அதில் தண்ணீர் விழும் சத்தம்தான் உங்கள் அலாரம்.

வாளைமீன்:
சைஃபனில் பால் வால்வு போட்டால் ஆகாதா? கேட் வால்வு எளிதில் கிடைப்பதில்லை.

பவளத்தீவு:
பால் வால்வு முழுத் திறப்பிலிருந்து முழு மூடலுக்குக் கால் சுற்றுதான். இங்கே திருத்த வேண்டியது மணிக்கு 20, 30 லிட்டர் வித்தியாசம். கைப்பிடியைத் தொட்டாலே அதைத் தாண்டிப் போய்விடும். கேட் வால்வுக்குப் பல சுற்று உண்டு. பித்தளை கேட் வால்வு கடல்நீருக்கு ஆகாது, செம்பு கரைந்து முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொல்லும். பிளாஸ்டிக் உடல், உள்ளே உலோகம் தண்ணீரைத் தொடாத வகை வேண்டும். கழற்றிக் கழுவ இருபுறமும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு). அவசரக் குழாயில் எந்த வால்வும் கூடாது, 'திறந்தேதானே வைக்கப்போகிறேன்' என்றாலும் கூடாது.

கெளுத்தி:
டியூன் செய்யும் முறை?

நீர்மட்டம்:
கேட் வால்வை முழுக்கத் திறந்து பம்பை ஓட விடுங்கள். காற்று முழுக்க வெளியேற ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், அதுவரை அவசரக் குழாயிலும் தண்ணீர் போகும். சைஃபன் பிடித்ததும் பாக்ஸ் வற்றத் தொடங்கும். கால் கால் சுற்றாக மூடுங்கள். மட்டம் இறங்குவது நின்று மெல்ல ஏற ஆரம்பிக்கும் இடம் வந்ததும், சுற்றின் பத்தில் ஒரு பங்கு அளவில் மட்டும் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் காத்திருங்கள்.

ஏன் இவ்வளவு பொறுமை? உங்கள் பாக்ஸின் பரப்பு 360 ச.செ.மீ. 1 செ.மீ. மட்டத்துக்கு 0.36 லிட்டர்தான். வரவுக்கும் போக்குக்கும் மணிக்கு 50 லிட்டர் வித்தியாசம் இருந்தாலே அரை நிமிடத்துக்குள் மட்டம் 1 செ.மீ. நகரும். சைஃபன் தானாகத் திருத்திக்கொள்ளும்தான், ஆனால் மிக மெதுவாக: 70 செ.மீ. உயரத்தில் 1 செ.மீ. மாறினால் ஓட்டம் 10 லிட்டர் அளவே மாறும். 50 லிட்டர் வித்தியாசத்தை விழுங்க 5 செ.மீ. மட்ட மாற்றம் வேண்டும். நீங்கள் கொடுத்திருக்கும் இடமோ மேலே 1 செ.மீ. இன்று டியூன் செய்தது நாளை ஏன் தவறுகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

வாளைமீன்:
அதனால்தான் நான் எப்போதும் மூன்று குழாய் முறையையே சொல்றேன். பீன்அனிமல் வகை. சைஃபன் ஒன்று, திறந்த குழாய் ஒன்று, உலர் அவசரம் ஒன்று. சைஃபன் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல எடுத்துக்கும், மிச்சம் திறந்த குழாயின் உட்சுவரை ஒட்டிச் சத்தமில்லாம வழியும். பம்ப் கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் திறந்த குழாய் தாங்கிக்கும், வால்வைத் தொடவே வேண்டாம்.

இதுல அழகான விஷயம் திறந்த குழாயின் காற்று டியூப்தான். அதோட வாயைச் சாதாரண மட்டத்துக்கு மேல, அவசர வாய்க்குச் சற்றுக் கீழ வைக்கணும். சைஃபன் அடைச்சா மட்டம் ஏறி டியூப் வாயை மூடும், உடனே திறந்த குழாயே சைஃபனா மாறி முழு நீரையும் இழுக்கும். அதுவும் அடைச்சாத்தான் மூன்றாவது. இரண்டு தவறு ஒரே நேரத்தில் நடந்தாலும் தரை நனையாது.

பவளத்தீவு:
புதுத் தொட்டிக்குத் துளை போடும் முன் கேட்டால் நானும் மூன்றுதான் சொல்வேன். இவருக்கு இருப்பது இரண்டு துளை. அதற்கு ஒரு வழி: அவசரக் குழாயின் வாயை 1 செ.மீ. இறக்கி, மெல்லிய ஒரு வழிவை அதில் எப்போதும் ஓடவிடுவது, மணிக்கு 50 லிட்டர் போல. மட்டம் அங்கேயே நிலைத்துவிடும்.

வாளைமீன்:
எனக்கு அதில் தயக்கம் உண்டு. எப்போதும் ஈரமா இருக்கிற குழாயில் பாசியும் புழுக்கூடும் வளரும். அவசரத்துக்குன்னு வச்சது உலர்ந்து, சுத்தமா இருக்கணும்.

பவளத்தீவு:
தயக்கம் நியாயம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளே பிரஷ் விட்டால் போதும் என்பது என் கருத்து. 3000 லிட்டர் தாங்கும் குழாய் பாதி அடைத்தாலும் 1500ஐ விடும்.

கெளுத்தி:
மின்சாரம் போனால் சம்ப் நிரம்பி வழியுமா? ரிட்டர்ன் லைனில் நான்-ரிட்டர்ன் வால்வு போடலாமா?

நீர்மட்டம்:
அந்த வால்வை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மடலில் ஒரு மணல் துணுக்கோ நத்தையோ சிக்கினால் மூடாது. சுண்ணாம்புப் படலம் ஏறினாலும் அப்படியே. அது இல்லாமலே சம்ப் தாங்க வேண்டும்.

உங்கள் தொட்டியில் 1 செ.மீ. என்பது 120×50×1 = 6 லிட்டர். ஓடும்போது பல் வரிசைக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? 30 செ.மீ. தடையில்லா விளிம்பில் 1500 லிட்டருக்கு 8 மி.மீ. பற்கள் பாதி இடத்தை அடைத்தால் 13 மி.மீ. அது 8 லிட்டர். ரிட்டர்ன் நாசில் பல் வரிசையின் அடிவிளிம்புக்கு 2 செ.மீ. கீழே இருந்தால் இன்னும் 12 லிட்டர் பின்னோக்கி வரும். பாக்ஸ் 3.6, குழாய்களில் 1. மொத்தம் 25 லிட்டர். ஓடும்போது சம்ப்பில் இவ்வளவு காலியிடம் இருக்க வேண்டும். அதற்குமேல் சில லிட்டர் கூடுதல் வைத்துக்கொண்டு, ஓடும் மட்டத்தில் கண்ணாடியில் கோடு போட்டுவிடுங்கள்.

நாசிலை மேலே தூக்கினால் பெரும்பங்கு குறையும். ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 5, 6 மி.மீ. துளை போட்டால் மட்டம் அங்கே வந்ததும் காற்று புகுந்து சைஃபன் அறுபடும். துளை வேலை செய்யும், ஆனால் பாசி மூடும். வாரம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் குத்திவிட வேண்டும்.

பவளத்தீவு:
மறுபக்க ஆபத்தையும் பாருங்கள். வடிகால் மொத்தமும் அடைத்து, பம்ப் மட்டும் ஓடினால்? பம்ப் அறையில் உள்ளது முழுக்கத் தொட்டிக்குப் போகும். அறை 25×40, பயன்படும் ஆழம் 15 என்றால் 15 லிட்டர், தொட்டி 2.5 செ.மீ. ஏறும். ஓடும் மட்டத்துக்கு மேல் தொட்டியில் 3 செ.மீ.யாவது இருந்தால் ஒரு துளி வெளியே வராது. பம்ப் அறையைப் பெரிதாக்கி 'கூடுதல் தண்ணீர்' வைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கூடுதல் அளவு வேண்டுமானால் சம்ப்பின் தடுப்புச் சுவருக்கு முந்தைய அறையில் வையுங்கள்.

பாசிக்காடு:
என் கேள்வி துளையில்லாத நன்னீர்ச் செடித் தொட்டி பற்றி. விளிம்பில் மாட்டும் யூ-குழாய் ஓவர்ஃப்ளோ சரிவருமா?

நீர்மட்டம்:
சரிவரும், ஆனால் அதன் பலவீனம் யூவின் மேல்வளைவில் சேரும் குமிழி. ஓட்டம் மந்தமாக இருந்தால் குமிழி அங்கேயே தங்கிப் பெருகி ஒருநாள் சைஃபன் அறுபடும். பெரிய குழாய் பாதுகாப்பு என்று நினைத்து, குறைந்த ஓட்டத்துக்குத் தடித்த குழாய் போடுவது தவறு. குமிழியை அடித்துச் செல்லும் வேகம் வேண்டும், அதனால் ஓட்டத்துக்கு ஏற்ற மெல்லிய குழாய், அல்லது இரண்டு மெல்லிய குழாய். மேலே பவளத்தீவு சொன்ன பம்ப் அறைக் கணக்கு உங்களுக்கு இரட்டிப்பு முக்கியம், ஏனென்றால் இங்கே அடைப்பு இல்லாமலே வடிகால் நின்றுபோகும்.

செடித் தொட்டிக்கு இன்னொன்று: பல் வரிசையிலும் பாக்ஸிலும் தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்தால் நீங்கள் ஏற்றும் கார்பன் டைஆக்சைடு பறந்துவிடும். பாக்ஸ் மட்டத்தை உயர்த்தி, விழும் உயரத்தை 2 செ.மீ.க்குள் வையுங்கள். ட்யூர்சோவைவிடச் சைஃபன் நல்லது, காற்றோடு கலக்காது. ஓட்டமும் மணிக்கு 3, 4 சுற்று போதும்.

வாளைமீன்:
துளை போடலாம்னு முடிவு பண்ணினா முதல்ல கண்ணாடி டெம்பர் செய்ததான்னு பாருங்க. கண்ணாடிக்குப் பின்னால எல்சிடி திரையை வெள்ளையா எரியவிட்டு, போலரைஸ்டு கண்ணாடி போட்டுப் பாருங்க. கருப்புப் பட்டை, புள்ளி மாதிரி தெரிஞ்சா டெம்பர்டு, பிட் வச்ச உடனே சிதறிடும். சாதாரணக் கண்ணாடின்னா வைர ஹோல்சா, குறைந்த வேகம், இடைவிடாம தண்ணீர், பின்பக்கம் டேப். கை எடையைத் தவிர அழுத்தக் கூடாது, கடைசி ஒரு மில்லிமீட்டரில் அதையும் குறைக்கணும். துளையின் விளிம்புக்கும் கண்ணாடி விளிம்புக்கும் நடுவுல குறைந்தது ஒரு துளை விட்டம் விடுங்க. துளை அளவைக் கையிலிருக்கிற பல்க்ஹெட்டின் (துளையில் குழாயைப் பொருத்தும் இணைப்பு) மரையை அளந்துதான் முடிவு பண்ணணும். ரப்பர் கேஸ்கெட் விளிம்புத் தட்டு இருக்கிற பக்கம் மட்டும். நட்டைக் கையால் இறுக்கி, அதுக்கு மேல கால் சுற்று. சிலிக்கான் வேண்டாம்.

கெளுத்தி:
மாற்றிவிட்டேன். பகலில் பாக்ஸ் அமைதி. மாலையானால் சைஃபன் காற்று உறிஞ்சும் சத்தம் வருகிறது. வேவ்மேக்கர் வேகமெடுக்கும்போதும் வருகிறது. வால்வை யாரும் தொடவில்லை.

நீர்மட்டம்:
இரண்டுக்கும் தனித்தனிக் காரணம். ஆவியாதலால் பம்ப் அறை மட்டம் இறங்குகிறது. மற்ற அறைகளைத் தடுப்பு பிடித்துவைத்திருக்கும், இறங்குவது அங்கே மட்டும்தான். பம்ப் அதிக உயரம் தூக்க வேண்டியிருக்கிறது, ஓட்டம் கொஞ்சம் குறைகிறது. 40 லிட்டர் குறைந்தாலே பாக்ஸ் மட்டம் 4 செ.மீ. இறங்கி, சுழி வாயை எட்டும். தானாக நன்னீர் நிரப்பும் மிதவை வையுங்கள். அதுவரை காலை, மாலை கோட்டுக்கு ஊற்றுங்கள்.

வேவ்மேக்கர் பல் வரிசையை நோக்கித் தள்ளினால் அலைக்கு அலை பாக்ஸுக்குள் போகும் நீர் ஏறி இறங்கும். அதைப் பக்கச் சுவருக்குத் திருப்பி, பின்சுவருக்கு இணையாக ஓடவிடுங்கள். ரிட்டர்ன் நாசிலும் பாக்ஸுக்கு எதிர்மூலையில், மேற்பரப்பைச் சற்று அசைக்கும் கோணத்தில் இருக்கட்டும். பாக்ஸுக்குப் பக்கத்திலேயே இருந்தால் வடிகட்டிய நீரே நேராகத் திரும்பிப் போகும், தூர மூலையில் அழுக்கு படியும்.

பவளத்தீவு:
இவை முடிந்ததும் இரண்டு சோதனை. ஒன்று, பம்பைப் பத்து நிமிடம் நிறுத்தி மறுபடி ஓடவிடுங்கள். சம்ப் மட்டம் எங்கே நிற்கிறது, சைஃபன் இரண்டு நிமிடத்துக்குள் தானாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டு, கேட் வால்வின் சுற்றை எண்ணிக்கொண்டே முழுக்க மூடுங்கள். அவசரக் குழாய் தனியாக முழு நீரையும் எடுத்து, தொட்டி மட்டம் ஏறாமல் அரை மணி நேரம் நிற்க வேண்டும். பிறகு அதே எண்ணிக்கையில் திறக்கவும். மாதம் ஒருமுறை இதைச் செய்யுங்கள், பக்கத்திலேயே நின்றுகொண்டு.

கெளுத்தி:
இரண்டாவது சோதனையில் தொட்டி மட்டம் 4 மி.மீ. ஏறி அங்கேயே நின்றது. பரவாயில்லையா?

பவளத்தீவு:
நின்றுவிட்டதென்றால் ஓடும் அளவை அவசரக் குழாய் தாங்குகிறது. அந்த 4 மி.மீ., வாயின் விளிம்பு சொரசொரப்பாக வெட்டப்பட்டதாலோ உயரம் கொஞ்சம் கூடியதாலோ இருக்கும். உள்விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து உருட்டி, குழாயை 5 மி.மீ. வெட்டி இறக்குங்கள். மறுபடி மூடிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.